எட்டுக்கால் பூச்சியும் மந்திரவாதியும்

(தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எட்டுக்கால் பூச்சியைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா, அதற்கு ஒரு மேடையா, ஒலிபெருக்கியா என்று சிரிக்கவும் கூடும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுக் கேளுங்கள். கடைசியில் ஒரு சாவைப் பற்றிச் சொல்லப்போகிறோம். அதைக் கேட்ட பிறகும் சிரிப்பு வருமானால் அப்போது சிரித்துக்கொள்ளலாம்.

சென்ற மாதம் இவ்வூர் வாசகசாலைக்குத் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு வாலிபர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில், உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த ஒரு பெரிய எட்டுக்கால் பூச்சி. அதை வீட்டில் செல்லமாக வளர்ப்பதாகச் சொன்னார். “அண்ணாச்சி, இது கடிக்காது. தினம் கையிலே ஏற விடுதேன். ஆறு மாசமாச்சு, ஒண்ணும் செய்யல்லே” என்றார். உடனே ஒரு ஆச்சி, “ஏலே, அது பார்த்தாலே விஷம், அடிச்சுப் போடு” என்று செருப்பைக் கழற்றினார். இன்னொருவர், “வேண்டாம், ராமேஸ்வரத்துக் கோயிலிலே இருக்கிற ஜாதி இது. கும்பிட்டுவிட்டு மரத்திலே விட்டுவிடு” என்றார். நான்காமவர் ஒரு பெரியவர். அவர் நிதானமாக, “கடிச்சாத்தான் என்ன? மந்திரிக்க ஆள் இருக்கு” என்றார்.

பயம் ஒருவருக்கு, பக்தி ஒருவருக்கு, வீறாப்பு ஒருவருக்கு, மந்திர நம்பிக்கை ஒருவருக்கு. நான்கு பேரும் நான்கு அபிப்பிராயம் சொன்னார்கள். ஆனால் அந்த நால்வரில் ஒருவராவது டப்பாவுக்குள் இருந்த பிராணியை ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்தார்களா என்றால் இல்லை. பார்க்காமலேயே முடிவுக்கு வருவதுதான் நம் நாட்டு வழக்கம். ஆகவே இன்று முதலில் பார்ப்போம். பிறகு முடிவு செய்வோம்.

இந்தப் பெரிய மயிர்ச் சிலந்திக்கு இங்கிலீஷ்காரர் “டரான்டுலா” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் புலிமுகச் சிலந்தி என்கிறார்கள். டரான்டுலா என்ற பெயர் வந்த கதையே ஒரு மூடநம்பிக்கைக் கதைதான். இத்தாலி தேசத்தின் தென்கோடியில் நம் தூத்துக்குடியைப் போலவே தாரந்தோ என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. அப்பக்கத்தில் கோதுமை அறுப்புக் காலத்தில் வயலில் ஒரு சிலந்தி கடித்துவிட்டால், கடிபட்டவர் நாட்கணக்கில் ஆடித் தீர்த்தால்தான் விஷம் இறங்கும் என்று நம்பினார்கள். மேளக்காரரைக் கூலிக்கு அமர்த்தி, கடன் வாங்கியாவது ஆட விட்டார்கள். ஜூன் 29-ந் தேதி கலாத்தினா என்ற ஊரில் உள்ள பவுல் அர்ச்சியசிஷ்டர் கோவிலுக்கு அவர்களைக் கொண்டுபோய் வேண்டுதல் செய்தார்கள். 1959-ல் எர்னெஸ்டோ டி மார்ட்டினோ என்ற அறிஞர் அங்கு போய் நேரில் ஆராய்ந்தார். விஷம் ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கவில்லை. வருஷந்தோறும் அதே பருவத்தில் திரும்பத் திரும்ப “ஏறி”க்கொண்டிருந்தது! பூச்சியின் விஷத்துக்குப் பஞ்சாங்கம் தெரியுமா, தோழர்களே? நம் ஊர்ச் சாமியாட்டமும் பேயோட்டமும் கொடை நாளைப் பார்த்து வருகிறதல்லவா, அதே சங்கதிதான். அந்தத் தாரந்தோச் சிலந்தியின் கடியோ அதிகத் தீங்கில்லாதது. அந்தப் பெயரைத்தான் பின்னால் அமெரிக்கா போன வெள்ளைக்காரர்கள் அங்கே கண்ட மயிர்ச் சிலந்திகளுக்குச் சூட்டினார்கள். இவை வேறு குடும்பம், அவை வேறு குடும்பம். மூடத்தனத்துக்கு வெள்ளைத் தோல், கறுப்புத் தோல் என்ற வித்தியாசமில்லை என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

நம் சங்கதிக்கு வருவோம். உடம்பில் கொப்புளம் கொப்புளமாக அக்கி வந்தால், எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டது என்கிறோம். காவி குழைத்து அக்கி எழுதுகிறோம். அக்கி என்பது சின்னம்மை உண்டாக்கும் அதே நுண்கிருமி உடம்பில் வருஷக்கணக்கில் ஒளிந்திருந்து, பிறகு தலைகாட்டுவதால் வருவது. பாவம், பூச்சிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இப்படி வீட்டில் பூச்சியின்மேல் இல்லாத பழியைச் சுமத்துகிற நாமே திருவானைக்காவுக்குப் போனால், லிங்கத்தின்மேல் வலை பின்னிய சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று கதை கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறோம். கோயிலில் இருந்தால் ராஜா. கூரையில் இருந்தால் செருப்படி! பூச்சி ஒன்றுதான். மாறுவது நம் புத்திதான்.

ராமேஸ்வரத்துக் கோயில் பூச்சி என்று ஒருவர் சொன்னாரே, அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ராமேஸ்வரத்தில் அனுமவிலாசம் என்ற கோயிலின் வளாகத்து மரங்களில் கிடைத்த ஒரு ஜாதிச் சிலந்தியை 2004-ல் ஆண்ட்ரூ ஸ்மித் என்பவர் புதிய இனம் என்று எழுதி, அந்தக் கோயிலின் பெயரையே அதற்கு வைத்தார். கிடைத்த இடத்தின் பெயரே தவிர, அதற்கு அனுமார் அருள் ஒன்றும் கிடையாது. அருள் இருந்திருந்தால் அதன் இனம் அழியாமலாவது இருக்கவேண்டுமே! 2008-ல் அது அழிவின் விளிம்பில் உள்ள பிராணி என்று உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காரணம், அது குடியிருக்கும் பொந்துள்ள பழைய மரங்களை நாம் வெட்டித் தள்ளுவதுதான். கடலுக்கு அக்கரையில் மன்னாரிலும் அது இருக்கக் கண்டிருக்கிறார்கள். ஆகவே அதைக் கும்பிடவும் வேண்டாம், கொல்லவும் வேண்டாம். மரத்தை விட்டுவைத்தால் போதும். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அந்த வாலிபரைப் பார்த்து, “தம்பி, இது எந்த ஊர்ப் பூச்சி? எப்படி வந்தது?” என்று கேட்டோம். செல்போனில் பார்த்து வாங்கியதாகச் சொன்னார். ரசீது கிடையாது, எந்த ஜாதி என்பதும் தெரியாது. இதில் இரண்டு ஆபத்து இருக்கிறது.

முதலாவது சட்டம். இங்கிருந்து மதுரை போகிற வழியில் இருக்கும் அருப்புக்கோட்டையை உங்களுக்குத் தெரியும். 2021 ஜூலையில் போலந்து தேசத்திலிருந்து அருப்புக்கோட்டை விலாசமிட்டு ஒரு தபால் பார்சல் சென்னைக்கு வந்தது. சுங்க இலாகா உத்தியோகஸ்தர்கள் பிரித்துப் பார்த்தபோது, பஞ்சும் வெள்ளிக் காகிதமும் சுற்றிய 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன! அமெரிக்கக் கண்டத்து மயிர்ச் சிலந்திகள் என்று விலங்கியல் நிபுணர்கள் கருதினார்கள். அனுமதிச் சீட்டு இல்லாததால் பார்சல் வந்த தேசத்துக்கே திருப்பியனுப்ப ஒப்படைக்கப்பட்டது. மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் சிலந்தியை 1985-லேயே சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நம் தேசத்துக்கும் இலங்கைக்கும் உரிய மரச் சிலந்தி இனம் முழுவதையும் 2019-ல் சேர்த்தார்கள். நம் தேசத்து வனஜீவன் பாதுகாப்புச் சட்டமும் 2022-ல் திருத்தப்பட்டு, அந்தப் பட்டியலிலுள்ள பிராணியை உயிருடன் வைத்திருப்பவர் சர்க்காரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றாகிவிட்டது. ஆகவே ரசீதும் பெயரும் இல்லாத பூச்சியை வாங்காதீர்கள். மரப்பொந்தில் இருப்பதைப் பிடித்துவந்து விற்கவும் விற்காதீர்கள்.

இரண்டாவது ஆபத்து உடம்புக்கு. ஜாதி தெரியாவிட்டால் ஆபத்தும் தெரியாது. அமெரிக்கக் கண்டத்துச் சிலந்திகளில் பல, கோபம் வந்தால் பின்னங்காலால் தன் வயிற்று மயிரை உதைத்து நம்மேல் தூவும். ஒவ்வொரு மயிரிலும் கண்ணுக்குத் தெரியாத முள் உண்டு. தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டாலோ விபரீதம். 2009-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கண் சிவந்து ஒருவர் வந்தார். சாதாரண கண்வலி என்று கொடுத்த மருந்து கேட்கவில்லை. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கருவிழியில் மெல்லிய மயிர்கள் குத்தி நின்றன. பிறகுதான், தான் வளர்க்கும் சிலந்தியின் பெட்டியைத் துடைத்தபோது அது மயிர் தூவியது அவருக்கு நினைவு வந்தது. நம் பக்கத்து மரச் சிலந்திகளுக்கோ அந்த மயிர் ஆயுதம் கிடையாது. அதற்குப் பதிலாக அதிக வேகமும் அதிக விஷமும் உண்டு. அது கடித்தால் ஆள் சாவதில்லை. ஆனால் கடுமையான வலியும், தசை முறுக்கிப் பிடிக்கிற இழுப்பும் உண்டாகும். அந்த இழுப்பு சில சமயம் பல மணி நேரம் கழித்துத் தொடங்கி நாட்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

இத்தனை சொன்ன பிறகும் முறைப்படி வாங்கி வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தை. இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டப்பாவுக்கு ஒரு பூச்சிதான். இரண்டை விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். காற்றுக்குச் சிறு துளைகள் வேண்டும். தரையில் வாழும் ஜாதியானால் டப்பா உயரமாக இருக்கக்கூடாது. ஏனெனில் அதன் வயிறு மெல்லிய தோல் பை. முழ உயரத்திலிருந்து விழுந்தாலும் வெடித்துச் செத்துப்போகலாம். கீழே தேங்காய் நார்த்தூளைக் கனமாகப் பரப்புங்கள். ஒளிந்துகொள்ள ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீருக்கு ஒரு மூடி போதும். வாரத்துக்கு ஒன்றிரண்டு கரப்பானோ வெட்டுக்கிளியோ கொடுத்தால் போதும். அந்த வீட்டில் பூச்சி மருந்து அடிக்காதீர்கள்; அதுவும் பூச்சிதான் என்பதை மறக்கவேண்டாம். பெட்டை இருபது வருஷத்துக்கு மேலும் வாழக்கூடியது. இருபது வருஷம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

அது ஒரு நாள் மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்து எறியாதீர்கள். பாம்பு சட்டை உரிப்பதுபோல் அது தோலுரிக்கிறது. அப்போது தொடக்கூடாது, உள்ளே இரையும் விடக்கூடாது. புதுத்தோலும் பல்லும் கெட்டிப்பட ஒரு வாரமாவது பொறுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கையை உள்ளே விடாதீர்கள் என்பதுதான். இரை கொடுக்க நீளமான இடுக்கி இருக்கிறது. இடம் மாற்ற வேண்டுமானால் ஒரு தம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையைச் செருகி எடுங்கள். நகர்த்த வர்ணம் பூசும் சிறு பிரஷ்ஷால் பின்பக்கம் மெல்லத் தொட்டால் தானே நகரும். டப்பாவைச் சுத்தம் செய்யும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறவரை கண்ணைக் கசக்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள். நாயைப்போல், பூனையைப்போல் நம் தடவலை அது விரும்புகிறது என்று எண்ணவேண்டாம். நம் கை அதற்கு ஒரு சூடான தரை, அவ்வளவுதான். கையில் ஏற்றுவதால் அதற்கு யாதொரு லாபமும் இல்லை. நமக்குள்ள லாபம் பக்கத்து வீட்டுக்காரர் வாயைப் பிளப்பது ஒன்றுதான்.

அதையும் மீறிக் கடித்துவிட்டால் என்ன செய்வது? சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். மோதிரம் இருந்தால் கழற்றுங்கள். ஐஸை ஒரு துணியில் சுற்றி ஒத்தடம் கொடுங்கள். கீறவோ, உறிஞ்சவோ, கயிறு கட்டவோ வேண்டாம். டாக்டரிடம் போய் வலிக்கும் தசை இழுப்புக்கும் மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கண்ணில் மயிர் பட்டால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவிக் கண் டாக்டரிடம் போய், சிலந்தி மயிர் என்பதைச் சொல்லுங்கள். சொன்னால்தானே அவர் தேடுவார்!

இனி அந்த நான்காவது பெரியவருக்குப் பதில் சொல்லவேண்டும். “மந்திரிக்க ஆள் இருக்கு” என்றார். மந்திரித்தால் சிலந்திக் கடி குணமாகிறதா என்றால், ஆம், குணமாகிறது! ஏனென்றால் மந்திரிக்காவிட்டாலும் அது குணமாகும். இந்தப் பெரிய மயிர்ச் சிலந்தி கடித்து ஒரு மனிதன் செத்ததாக ஐயமற நிரூபிக்கப்பட்ட சம்பவம் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியிருக்க, வேப்பிலை அடித்தவரையெல்லாம் பிழைக்கவைத்தேன் என்று ஒருவர் சொன்னால் அதில் என்ன அதிசயம்?

இந்த வியாபாரம் இக்கடற்கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளித்துறையில் சுறாவின் வாயைக் கட்டுவதற்குக் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தது உங்கள் பாட்டன்மாருக்குத் தெரியும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, மீனைக் கட்டும் அந்த மந்திரக்காரருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு போயிற்று என்று எழுதிவைத்திருக்கிறார். மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம்! 19-ஆம் நூற்றாண்டில் மன்னார்ப் பக்கம் முத்துக்குளிப்பு நடத்திய வெள்ளைக்கார சர்க்காரும் கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தது. ஏனெனில் அவரில்லாமல் ஆள் கடலில் இறங்கமாட்டான். சுறா கடித்தது அபூர்வம். அந்த அபூர்வத்தின் பெருமை முழுவதையும் மந்திரம் வாங்கிக்கொண்டது. மூச்சடக்கி மூழ்கினவன் ஒருவன்; பங்கு வாங்கினவன் ஒருவன். தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்கவில்லை. கடல்கட்டியும் போய்விட்டார். ஆனால் கரையில் இருக்கிற விஷக்கட்டிகள் மட்டும் இன்னும் போகவில்லை.

சரி, தானே குணமாவதற்கு மந்திரித்தால் என்ன நஷ்டம், மனதுக்கு ஒரு ஆறுதல்தானே என்று சிலர் கேட்கிறார்கள். அதற்குத்தான் அந்தச் சாவைச் சொல்லவேண்டியிருக்கிறது.

சுமார் 25 வருஷங்களுக்கு முன்பு, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாம் உப்பளத்தில் வேலை செய்த காலம். நம் தாயாரை ஒரு எட்டுக்கால் பூச்சி கடித்தது. பக்கத்து ஊர் மந்திரவாதி வந்து திருநீறு போட்டார். மூன்று நாளில் வீக்கம் வடிந்தது. அன்றிலிருந்து நம் வீட்டில் அவர் தெய்வமானார். அடுத்த வருஷம் ஒரு மழைக்கால இரவு. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த நம் அக்காள் மகன், பத்து வயதுப் பையன், ஏதோ கடித்ததாக எழுந்தான். சுவரில் ஒரு எட்டுக்கால் பூச்சி இருந்தது. கடிவாயில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. பூச்சிக்கடிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். மந்திரவாதியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தது வேறு யாருமல்ல, தோழர்களே, நாமேதான். அவர் வேப்பிலை அடித்தார். பையன் வயிறு வலிக்கிறது என்றான். கொஞ்ச நேரத்தில் கண் இமை சொருகிற்று. தூக்கம் வருகிறது, நல்ல குணம் என்றார். பிறகு நாக்குக் குழறிற்று. விஷம் பேசுகிறது என்றார். விடியுமுன் மூச்சு நின்றுவிட்டது. காலையில் பாயைச் சுருட்டியபோது சுவரோரம் கட்டுவிரியன் கிடந்தது.

மந்திரவாதி பணம் கேட்கவில்லை. அவரும் அழுதார். அவர் மோசக்காரர் அல்ல. தன் மந்திரத்தை உண்மையிலேயே நம்பினவர். சாகாதவர்களைப் பிழைக்கவைத்துச் சம்பாதித்த பேரை வைத்துக்கொண்டு, பிழைக்கக்கூடிய ஒரு பையனைச் சாகவிட்டார். அந்தப் பேரை அவருக்குக் கொடுத்தவர்கள் நாம். மூன்று நாளில் தானே வடிந்த அந்த வீக்கத்தின் விலை ஒரு பிள்ளையின் உயிர்.

கட்டுவிரியன் தூங்குகிறவரைக் கடிக்கும். வலி இராது; பல் தடமும் தெரியாமல் போகலாம். இமை சொருகுவதும், நாக்குக் குழறுவதும், விழுங்க முடியாமையும் அதன் விஷத்தின் அடையாளம். அதற்கு ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து இருக்கிறது. மூச்சு நின்றால் மூச்சுக் கொடுக்கும் யந்திரம் இருக்கிறது. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை நம் நாட்டு இருளர் தோழர்களே, 1978-ல் ஏற்பட்ட தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் வடநெம்மேலியில் பாம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். அப்படியிருந்தும் 2000 முதல் 2019 வரை 20 வருஷத்தில் இத்தேசத்தில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே, கடித்தது எது என்று கண்ணால் பார்க்காவிட்டால், அது பாம்பு என்றே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூச்சியாக இருந்தால் போகவர வண்டிச் செலவு நஷ்டம். பாம்பாக இருந்தால் உயிர் லாபம்.

இனி அந்த வாலிபருக்கு ஒரு வார்த்தை. தம்பி, ஆறு மாதமாகக் கடிக்கவில்லை, ஆகவே கடிக்காது என்கிறீர். நூறு பேரை மந்திரித்தேன், ஒருவரும் சாகவில்லை என்ற அந்த மந்திரவாதிக்கும் உமக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் நேராத ஆபத்தைத் தம் சாமர்த்தியம் என்று கணக்கெழுதுகிறீர்கள். செருப்பை எடுத்த ஆச்சியைவிட நீர் ஒரு படி மேல். நீர் அந்தப் பிராணியைப் பார்க்கவாவது ஆசைப்பட்டீர். அந்த ஆசையைக் கைவிடாதீர். அதன் ஜாதியைக் கண்டுபிடியும், சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்யும், படியும், பாரும், எழுதிவையும். கையை மட்டும் வெளியே வையும்.

தோழர்களே! பகுத்தறிவு என்பது மேடையில் சாமியைத் திட்டுவதோடு முடிந்துவிடுகிற காரியமல்ல. நடுராத்திரியில் பிள்ளை எழுந்து “ஏதோ கடித்தது” என்று சொல்லும்போது, யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. அன்று நாம் தவறான கதவைத் தட்டினோம். நீங்கள் தட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.